பொது நூலகத்துக்கு ஏஐ கொள்கை எழுதுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏஐ, அதாவது செயற்கை நுண்ணறிவு, பற்றி ஒரு கொள்கை எழுதித் தாருங்கள் என்று மேலிடத்திலிருந்து கேட்டிருப்பார்கள். அல்லது ஏதோ ஒரு சங்கடம் நடந்து முடிந்த பிறகு "இனி இப்படி நடக்கக் கூடாது" என்று குழு கூடியிருக்கும். எப்படி உட்கார்ந்தாலும் எழும் கேள்விகள் ஏறக்குறைய இவைதான். பதில்களில் எனக்கு ஒரு சாய்வு உண்டு, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கருவிகள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறும். வாசகரின் ரகசியமும், தவறு நடந்தால் யார் பொறுப்பு என்பதும் மாறாது. கொள்கையை அந்த இரண்டின் மேல் கட்டுங்கள்.

எங்கள் நூலகம் ஏஐ எதையும் வாங்கவில்லையே. எங்களுக்கு எதற்குக் கொள்கை?

வாங்கவில்லை, சரி. ஆனால் உள்ளே வந்துவிட்டது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி என்ற உரையாடும் ஏஐ பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டபோது எந்த நூலகமும் அதற்குக் கொள்முதல் ஆணை போடவில்லை. ஊழியரின் கைப்பேசி வழியாக வந்தது. அப்புறம் தேடுபொறியில் முதல் பதிலாக வந்தது. கடிதம் தட்டச்சு செய்யும் மென்பொருளில் ஒரு பொத்தானாக வந்தது. நூலக மென்பொருளின் புதிய பதிப்பில், யாரும் கேட்காமலே, திரையின் ஓரத்தில் முளைத்தது. வாசகர்களோ இன்னும் முன்னால் போய்விட்டார்கள். புத்தகப் பரிந்துரையைக் கைப்பேசியில் வாங்கிக்கொண்டு, எடுத்துக் கொடுக்க மட்டும் உங்களிடம் வருகிறார்கள்.

கொள்கை இல்லை என்றால், ஆளுக்கொரு கொள்கை இருக்கிறது என்று பொருள். காலை ஷிப்டில் இருப்பவர் எல்லாவற்றுக்கும் ஏஐ-யைக் கேட்பார், மாலை ஷிப்டில் இருப்பவர் அந்தப் பேச்சே எடுக்கக் கூடாது என்பார். வாசகருக்கு நூலகம் ஒன்றுதான்.

எங்கிருந்து தொடங்குவது?

மாதிரிக் கொள்கைகளைத் தேடிப் படிப்பதில் தொடங்காதீர்கள். நூல் வழங்கும் மேசையில் ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். இரண்டு வாரம், ஏஐ சம்பந்தமாக எது நடந்தாலும் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். தேதி வேண்டும், வாசகரின் பெயர் வேண்டாம். இப்படித்தான் நிரம்பும்:

"சாட்ஜிபிடி சொன்னதாக ஒரு புத்தகம் கேட்டார். பட்டியலில் இல்லை. வேறு எங்கும் இல்லை."

"வேலை விண்ணப்பக் கடிதம் எழுத உதவி கேட்டார். அவர் கைப்பேசியிலேயே ஏஐ-யில் எழுதக் காட்டிக் கொடுத்தேன். செய்யலாமா தெரியவில்லை."

"சனிக்கிழமை கதை நேர அறிவிப்பை ஏஐ எழுதியது. நன்றாக வந்தது."

"ஒருவருக்கு வந்த அலுவலகக் கடிதத்தை ஏஐ-யில் போட்டு மொழிபெயர்த்துச் சொன்னேன். அதில் அவர் முகவரி, கணக்கு எண் எல்லாம் இருந்தது."

இந்த நான்கு வரிகளில் உங்கள் கொள்கையின் பாதி இருக்கிறது. கடைசி வரியை எழுதியவருக்குப் பாராட்டுச் சொல்லுங்கள், விளக்கம் கேட்டு மெமோ கொடுக்காதீர்கள். மெமோ கொடுத்தால் அதற்கு அப்புறம் நோட்டுப் புத்தகத்தில் வரிகள் வராது. நடப்பது மட்டும் நடந்துகொண்டே இருக்கும்.

யார் எழுத வேண்டும்?

ஐந்து பேர் போதும்: தலைமை நூலகர், நூல் பட்டியல் தயாரிப்பவர், தினமும் மேசையில் உட்காருபவர், கணினிப் பொறுப்பாளர், வாசகர் தரப்பில் ஒருவர். மேசையில் உட்காருபவரை விட்டுவிட்டு எழுதிய கொள்கைகளை முதல் பத்தியிலேயே அடையாளம் கண்டுவிடலாம். "பொறுப்பான, வெளிப்படையான, மனிதநேயமிக்க" என்று தொடங்கி அதே மூச்சில் முடிந்துவிடும். எழுதி முடித்ததை நூலக நிர்வாகக் குழுவும், முடிந்தால் ஒரு வழக்கறிஞரும் பார்க்கட்டும். ஏஐ-யிடம் கொடுத்து எழுதி வாங்கலாமா என்றும் கேட்பார்கள். சொற்களைச் செப்பனிட வைத்துக்கொள்ளலாம். எதை அனுமதிப்பது என்ற முடிவை அதனிடம் விட்டால், உங்கள் நூலகத்தையே பார்க்காதவர் எழுதிய கொள்கைதான் கையில் இருக்கும்.

எவ்வளவு நீளம் இருக்கலாம்?

இரண்டு பக்கம். வாசகர் எதிரே நிற்கும்போது ஊழியர் புரட்டிப் பார்த்துப் பதில் சொல்லக்கூடிய நீளம் அவ்வளவுதான். அதோடு இணைப்பாக ஒரு பக்கம்: இப்போதைக்கு அனுமதிக்கப்பட்ட கருவிகள், எந்த வேலைக்கு, யார் கணக்கில், எந்தத் தேதி முதல். கருவிகளின் பெயரை இணைப்பில் மட்டும் எழுதுங்கள். கொள்கைக்குள் எழுதினால், ஒவ்வொரு முறை ஒரு நிறுவனம் தன் கருவிக்குப் பெயர் மாற்றும்போதும் நிர்வாகக் குழுவைக் கூட்ட வேண்டியிருக்கும்.

வாசகரின் ரகசியம் பற்றி என்ன எழுதுவது?

இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும்.

யார் என்ன படிக்கிறார் என்பதை நூலகம் வெளியே சொல்லாது என்பது பழைய வாக்கு. அமெரிக்க நூலகச் சங்கம் 1939-இல் ஏற்றுக்கொண்ட நெறிமுறையிலேயே அது இருக்கிறது. கடன் பதிவேட்டைப் பூட்டி வைத்த காலத்தில் அந்த வாக்கைக் காப்பாற்றுவது சுலபம். இப்போது ஒரு ஊழியர், நல்ல எண்ணத்தோடுதான், வாசகரின் கேள்வியை அப்படியே ஒரு ஏஐ பெட்டியில் தட்டுகிறார். அந்தக் கேள்வி அந்த நொடியில் நூலகத்தைவிட்டு வெளியே போய்விடுகிறது.

பெயரை எடுத்துவிட்டால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. ஒரு வாசகர் வந்து, தன் மகனுக்கு இருக்கும் அபூர்வ நோயின் பெயரைச் சொல்லி, அதைப் பற்றி எளிமையான புத்தகம் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஊழியர் இப்படித் தட்டுகிறார்: "எங்கள் ஊரில் ஒரு தாய், மகனுக்கு ஒன்பது வயது, இந்த நோய், விவாகரத்து வழக்கும் நடக்கிறது, என்ன புத்தகங்கள் பரிந்துரைக்கலாம்?" பெயர் எங்கேயும் இல்லை. ஆனால் அந்த ஊரில் இந்த வரியைப் படிக்கும் யாருக்கும் ஆள் யார் என்று தெரிந்துவிடும். அதையே "ஒன்பது வயதுக் குழந்தையின் பெற்றோருக்கு இந்த நோயை எளிமையாக விளக்கும் நூல்கள்" என்று கேட்டிருந்தால் பதில் ஒன்றும் குறைந்திருக்காது. பயிற்சியில் இந்த இரண்டு வரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். பத்துப் பக்க விளக்கத்தைவிட அது வேலை செய்யும்.

"உரையாடலை அழித்துவிட்டால் முடிந்தது" என்ற நம்பிக்கையும் உண்டு. 2025 மே மாதம், நியூயார்க் டைம்ஸ் தொடுத்த பதிப்புரிமை வழக்கில், பயனர்கள் அழித்த உரையாடல்களையும் அழிக்காமல் வைத்திருக்கும்படி, சாட்ஜிபிடியை நடத்தும் ஓப்பன்ஏஐ நிறுவனத்துக்கு அமெரிக்க நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த உத்தரவு பின்னால் தளர்த்தப்பட்டது, அது வேறு விஷயம். அழி என்ற பொத்தான் நம் கையில் இருக்கிறது, அழிப்பது நம் கையில் இல்லை. அதற்கு முன்பே, 2023-இல், சாம்சங் ஊழியர்கள் நிறுவனத்தின் ரகசிய நிரல்களைச் சாட்ஜிபிடியில் ஒட்டிவிட, அந்த நிறுவனம் ஊழியர்களுக்கு அத்தகைய கருவிகளைத் தடைசெய்தது. தொழில்நுட்பமே தொழிலாகக் கொண்டவர்களுக்கே கை தவறியது.

கொள்கையில் எழுதுவதற்கு ஒரு மாதிரி வாசகம்:

"வாசகரின் பெயர், உறுப்பினர் எண், தொடர்பு விவரம், கடன் பதிவு, தேடல் பதிவு, அவர் கொடுத்த ஆவணம் ஆகிய எதையும் ஊழியர் எந்த ஏஐ கருவியிலும் உள்ளிடக் கூடாது. கேள்வியை உள்ளிட நேர்ந்தால், கேட்டவர் யார் என்று ஊகிக்க இடம் தரும் விவரங்களை நீக்கி, பொதுக் கேள்வியாக மாற்றிய பிறகே உள்ளிட வேண்டும். வாசகர் தன் சொந்தக் கருவியில், தன் விருப்பத்தில், தானே உள்ளிடுவதற்கு இது பொருந்தாது. அப்படிச் செய்யும் முன் அதன் விளைவை ஊழியர் ஒருமுறை எடுத்துச் சொல்ல வேண்டும்."

நிலுவைப் புத்தகங்களுக்கு நினைவூட்டல் கடிதம் எழுத, பாக்கி வைத்திருப்பவர்களின் பட்டியலை அப்படியே ஏஐ-யில் ஒட்டுவதும் இதில் அடங்கும். கடிதத்தின் மாதிரியை ஏஐ எழுதட்டும். பெயர்களை உங்கள் கணினியிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் ஊழியர் எதற்குத்தான் பயன்படுத்தலாம்?

நிறைய இருக்கிறது. நிகழ்ச்சி அறிவிப்பின் முதல் வரைவு, நீண்ட சுற்றறிக்கையின் சுருக்கம், விரிதாளில் ஒரு சூத்திரம், வாசகர் வட்டக் கூட்டத்துக்குப் பத்துக் கேள்விகள், கடினமான அறிவிப்பை எளிய நடைக்கு மாற்றுவது. தவறு வந்தால் வெட்கம் மட்டுமே மிஞ்சும் வேலைகள் இவை. இவற்றுக்குப் படிவம், அனுமதி என்று வைத்தால் யாரும் கேட்க மாட்டார்கள், மறைத்துச் செய்வார்கள்.

தவறு வந்தால் வாசகருக்குச் சேதம் வரும் வேலைகள் அடுத்த படி. மருத்துவம், சட்டம், அரசு உதவித்தொகை பற்றிய விடைகள், மொழிபெயர்ப்பு, வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளை எழுத்தாக்குவது. இவற்றில் ஏஐ தருவது வரைவுதான், அந்த வேலை தெரிந்த ஒருவர் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே வெளியே போக வேண்டும். விஸ்பர் என்ற பேச்சு-எழுத்து மென்பொருளை 2024-இல் ஆய்வாளர்கள் சோதித்தபோது, ஏறக்குறைய நூற்றில் ஒரு ஒலித்துண்டில் யாரும் பேசாத வாக்கியங்களை அது தானாகச் சேர்த்திருந்தது தெரிந்தது. பேச்சில் நீண்ட மௌனம் இருக்கும் இடங்களில் இது அதிகம். முதியவர் ஒருவர் யோசித்து யோசித்துப் பேசும் பதிவை நினைத்துப் பாருங்கள். மௌனத்துக்குத்தான் அங்கே மதிப்பு அதிகம், இயந்திரம் அதில் கதை எழுதி வைக்கும்.

மூன்றாவது படியில் உள்ளவை எப்போதும் கூடாதவை: வாசகரின் உறுப்பினர் உரிமையை நிறுத்துவது, அபராதம் முடிவு செய்வது, ஊழியரை மதிப்பிடுவது, முக அடையாளம் வைத்து வருகையைக் கண்காணிப்பது.

பட்டியல் தயாரிப்பில் ஏஐ உதவுமா?

உதவும், ஆனால் நீங்கள் நினைக்கும் ஏஐ வேறாக இருக்கலாம். பின்லாந்து தேசிய நூலகம் உருவாக்கிய அன்னிஃப் என்ற திறந்த மூல மென்பொருள், நூலின் உரையைப் படித்து, ஏற்கெனவே வரையறுத்த சொற்பட்டியலிலிருந்து பொருள் தலைப்புகளை, அதாவது நூல் எதைப் பற்றியது என்று சொல்லும் சொற்களை, பரிந்துரைக்கும். பட்டியலில் இல்லாத தலைப்பை அதனால் கற்பனை செய்ய முடியாது. உரையாடும் ஏஐ அப்படியில்லை. பகுப்பு எண், அதாவது நூலை எந்தப் பொருளின் அடுக்கில் வைப்பது என்று காட்டும் எண், கேட்டால் சரளமாகத் தரும். அந்த எண் பல சமயம் பகுப்பு அட்டவணையில் இருக்காது. அல்லது இருக்கும், வேறு பொருளுக்கு இருக்கும். மண்பாண்டக் கலை பற்றிய நூல் மண்வளம் பற்றிய அடுக்கில் போய் உட்கார்ந்தால் அது தொலைந்துபோன புத்தகம்தான், கட்டடத்துக்குள் இருந்தாலும்.

ஆங்கிலம் அல்லாத மொழி நூல்களில் கவனம் இரட்டிப்பாக வேண்டும். ஏஐ படித்துக் கற்றுக்கொண்ட உரைகள், அதாவது பயிற்சித் தரவு, அந்த மொழிகளில் குறைவு. தமிழ்ப் பெயர்களில் தலைப்பெழுத்தைக் குடும்பப் பெயராக்கி, ஒரே ஆசிரியரை மூன்று பேராக்கிவிடும். கொள்கையில் ஒரு வரி போதும்: ஏஐ பரிந்துரைத்த எந்தப் பகுப்பு எண்ணும் தலைப்பும், பட்டியலாளர் அட்டவணையில் பார்த்து ஒப்புக்கொள்ளும்வரை பதிவேற்றப்படாது.

இல்லாத புத்தகத்தை வாசகர் கேட்டால் என்ன செய்வது?

சிரிக்காதீர்கள். "அப்படி ஒன்று இல்லவே இல்லை" என்று முகத்தில் அடித்தாற்போலவும் சொல்லாதீர்கள். 2025 மே மாதம் சிகாகோ சன்-டைம்ஸ் உட்பட அமெரிக்கப் பத்திரிகைகளில் ஒரு கோடைகால வாசிப்புப் பட்டியல் வந்தது. வெளியிலிருந்து வாங்கிய இணைப்பிதழ் அது. பட்டியலில் இருந்த 15 தலைப்புகளில் 5 மட்டுமே நிஜமானவை. மீதிக்கும் ஆசிரியர் பெயர் நிஜம், கதைச்சுருக்கம் கச்சிதம், புத்தகம்தான் இல்லை. எழுதியவர் ஏஐ-யைப் பயன்படுத்திவிட்டுச் சரிபார்க்கவில்லை. அச்சிட்ட பத்திரிகையே ஏமாறும்போது வாசகரை என்ன சொல்வது?

ஊழியருக்கு ஒரு வேலைமுறை எழுதிக் கொடுங்கள். முதலில் நம் பட்டியல், அடுத்து பல நூலகங்களின் கூட்டுப் பட்டியல், அடுத்து பதிப்பகத்தின் தளம். ஐஎஸ்பிஎன் எனப்படும் நூலின் அடையாள எண் கையில் இருந்தால் ஒரு சின்னச் சோதனை உண்டு. 13 இலக்கங்களை இடமிருந்து வரிசையாக 1, 3, 1, 3 என்று மாறி மாறிப் பெருக்கிக் கூட்டினால், கூட்டுத்தொகை பத்தால் மீதியின்றி வகுபட வேண்டும். வகுபடவில்லை என்றால் எண் போலி, அல்லது எழுதும்போது பிழை. வகுபட்டாலும் சந்தோஷப்பட வேண்டாம், அது வேறொரு புத்தகத்தின் எண்ணாக இருக்கலாம். இவ்வளவும் பத்து நிமிட வேலை. அதற்கு மேல் தேட வேண்டாம். பிறகு வாசகரிடம், "இந்தத் தலைப்பு எங்கேயும் பதிவாகவில்லை. ஏஐ சில சமயம் இப்படித் தலைப்புகளைத் தானாக உண்டாக்கிவிடும். உங்களுக்கு எந்த மாதிரிக் கதை வேண்டும்?" என்று கேட்டால், அவர் வெறுங்கையோடு போக மாட்டார்.

வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்று நூலக அறிவியலாளர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் விதி எழுதினார். இல்லாத புத்தகத்தைத் தேடும் ஊழியரின் நேரமும் அடுத்து வரிசையில் நிற்கும் வாசகரின் நேரம்தான். அந்த நேரத்தைக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஏஐ மிச்சப்படுத்தும் மணிநேரங்களைப் பற்றி விற்பனையாளர் பேசும்போது எடுத்துக்காட்ட உதவும்.

புத்தகம் வாங்கவும் கழிக்கவும் ஏஐ-யைக் கேட்கலாமா?

எந்தப் புத்தகம் எத்தனை முறை வெளியே போனது, எந்த அடுக்கு நிரம்பி வழிகிறது என்பதுபோன்ற கணக்குகளுக்குக் கேட்கலாம். எது இருக்க வேண்டும், எது போக வேண்டும் என்று கேட்கக் கூடாது. 2023-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், பாலியல் வர்ணனை உள்ள நூல்களைப் பள்ளி நூலகங்களிலிருந்து நீக்கச் சொல்லிப் புதிய சட்டம் வந்தது. மேசன் சிட்டி பள்ளி மாவட்டம், எல்லாவற்றையும் படித்துப் பார்க்க நேரமில்லை என்று, சர்ச்சைக்குரிய நூல்களின் பெயர்களைச் சாட்ஜிபிடியிடம் சொல்லி அப்படிப்பட்ட வர்ணனை இருக்கிறதா என்று கேட்டது. அந்த முறையில் 19 நூல்களை நீக்கியது. சட்டத்தைப் பற்றிய விவாதம் இருக்கட்டும். புத்தகத்தைத் திறக்காமலே அதைப் பற்றி முடிவெடுத்ததுதான் நூலகருக்கு உறுத்த வேண்டிய விஷயம். அதே கேள்வியை மறுநாள் கொஞ்சம் மாற்றிக் கேட்டால் பதில் மாறலாம். அப்படிப்பட்ட பதிலை ஆதாரமாக வைத்து ஒரு வாசகரின் ஆட்சேபணைக்கு எப்படி எழுத்தில் பதில் கொடுப்பீர்கள்?

ஏஐ எழுதிய புத்தகங்களை வாங்கலாமா?

மொத்தமாகத் தடை செய்வது சாத்தியமில்லை, அட்டையைப் பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. ஆனால் வெள்ளம் நிஜம். அமேசானின் சுயபதிப்புத் தளம் 2023 செப்டம்பரில் ஒரு கணக்குக்கு நாளொன்றுக்கு மூன்று நூல்கள் என்று வரம்பு வைத்தது. நாளுக்கு மூன்றுக்கு மேல் பதிப்பிக்க ஆட்கள் இருக்கிறார்கள் என்பதை அதிலிருந்தே ஊகிக்கலாம்.

தாள் புத்தகத்தில் ஆபத்து குறைவு, ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து வாங்குகிறோம். தொகுப்பாக வரும் மின்னூல் சந்தாவில்தான் கண்ணுக்குத் தெரியாமல் வந்து சேரும். பிரபல நூல்களின் "சுருக்கம்", மூலிகை மருத்துவம், காளான் அடையாளம், குழந்தைகளுக்கு வண்ணப்புத்தகம் என்று. காளான் நூலில் தவறு இருந்தால் விளைவு வெட்கத்தோடு நிற்காது. ஆகவே தேர்வுக் கொள்கையில் பழைய அளவுகோலையே இறுக்கிப் பிடியுங்கள்: ஆசிரியர் யார் என்று சரிபார்க்க முடிகிறதா, பதிப்பாளர் பொறுப்பேற்கிறாரா, துறை அறிந்தவர் பார்த்திருக்கிறாரா. உடல்நலம், சட்டம், குழந்தைகள் பிரிவுகளில் இந்த மூன்றும் இல்லாத நூல் வேண்டாம். மின்னூல் விற்பனையாளரிடம், தனித்தலைப்புகளை நீக்கும் உரிமையை ஒப்பந்தத்திலேயே கேட்டு வாங்குங்கள்.

நூலக இணையதளத்தில் சாட்பாட், அதாவது கேள்விக்குப் பதில் சொல்லும் உரையாடல் மென்பொருள், வைக்கலாமா?

வைத்தால், அது சொல்வது நூலகம் சொன்னதாகவே கொள்ளப்படும். ஏர் கனடா விமான நிறுவனத்தின் சாட்பாட், குடும்பத்தில் இறப்பு நேர்ந்தவர்களுக்கான பயணச் சலுகையைப் பற்றி ஒருவருக்குத் தவறான தகவல் தந்தது. சாட்பாட் செய்த தவறுக்குச் சாட்பாட்தான் பொறுப்பு என்கிற தோரணையில் நிறுவனம் வாதாடியது. 2024 பிப்ரவரியில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா தீர்ப்பாயம் அதை ஏற்கவில்லை, இழப்பீடு கொடுக்கச் சொன்னது.

திறக்கும் நேரம், உறுப்பினராகும் முறை, அபராத விகிதம் போன்றவற்றுக்கு நீங்களே எழுதிய பதில்களை மட்டும் எடுத்துத் தரும் சாட்பாட் போதும். அதற்கு மேல் ஆசை இருந்தால், முதல் வரியிலேயே "நீங்கள் பேசுவது இயந்திரத்தோடு" என்று இருக்க வேண்டும். மனிதரிடம் போகும் வழி ஒரே சொடுக்கில் இருக்க வேண்டும். அதோடு, வாரம் ஒருமுறை பதில்களைப் படித்துப் பார்க்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளின் சம்பளத்தை யாரும் சாட்பாட்டின் விலையில் சேர்ப்பதில்லை.

விற்பனையாளரிடம் என்ன கேட்க வேண்டும்?

எங்கள் வாசகர் தரவு எந்த நாட்டில், எவ்வளவு காலம் இருக்கும்? அதை வைத்து உங்கள் ஏஐ-க்குப் பயிற்சி கொடுப்பீர்களா? உங்களுக்குப் பின்னால் வேறு எந்த நிறுவனத்தின் ஏஐ ஓடுகிறது, அவர்களோடு உங்களுக்கு ஒப்பந்தம் என்ன? ஏஐ வசதியை நாங்கள் முழுவதுமாக அணைத்து வைக்க முடியுமா? புதிய வசதி சேர்க்கும்போது எங்களைக் கேட்டுச் சேர்ப்பீர்களா, சேர்த்துவிட்டுச் சொல்வீர்களா?

பதில்களை எழுத்தில் வாங்குங்கள். "எங்கள் தளம் முழுப் பாதுகாப்பானது" என்பது பதில் ஆகாது. என் அனுபவத்தில் கடைசிக் கேள்விக்குத்தான் நீண்ட மௌனம் வரும்.

சிறுவர் பிரிவுக்குத் தனி விதி வேண்டுமா?

வேண்டும், சிறியதாக. சாட்ஜிபிடியின் விதிமுறைப்படியே 13 வயதுக்குக் குறைந்தவர்கள் அதைப் பயன்படுத்தக் கூடாது, 18 வயதுக்குள் இருப்பவர்களுக்குப் பெற்றோர் சம்மதம் தேவை. ஆகவே நூலகக் கணக்கில் உள்நுழைந்து ஒரு சிறுவன் கையில் விசைப்பலகையைக் கொடுப்பது கூடாது. செயல்விளக்கம் காட்டலாம், தட்டுவது நூலகராக இருக்கட்டும். ஏஐ எழுதிய கதையில் எங்கே பொய் இருக்கிறது என்று பிள்ளைகளைக் கண்டுபிடிக்கச் சொன்னால், பெரியவர்களைவிட வேகமாகக் கண்டுபிடிப்பார்கள்.

மாணவர் எழுதியது ஏஐ எழுதியதா என்று பார்த்துச் சொல்லும்படி ஆசிரியர் கேட்கிறார். செய்யலாமா?

செய்யாதீர்கள். ஓப்பன்ஏஐ நிறுவனமே வெளியிட்ட கண்டறியும் கருவி, தன் சோதனையில் ஏஐ எழுதியவற்றில் 26 சதவீதத்தை மட்டுமே பிடித்தது. துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் அந்தக் கருவியையே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் கைப்பட எழுதிய கட்டுரைகளில் பாதிக்கும் மேலானவற்றை இத்தகைய கருவிகள் ஏஐ எழுதியது என்று குற்றம் சாட்டியதைக் காட்டினார்கள். நூலகம் துப்பறியும் இடமாகிவிட்டால், அந்த மாணவர் அடுத்த முறை சந்தேகம் கேட்க வர மாட்டார்.

சுவரொட்டிக்கு ஏஐ படம் போடலாமா?

சட்டப்படி பல இடங்களில் தடை இல்லை. நான் வேண்டாம் என்றே சொல்வேன். நூலகத்தின் அடுக்குகளை நிரப்புவது எழுத்தாளர்களும் ஓவியர்களும். அவர்களில் பலர் தங்கள் படைப்புகள் அனுமதியின்றி ஏஐ பயிற்சிக்கு எடுக்கப்பட்டதாக வழக்குத் தொடுத்திருக்கும் நேரத்தில், ஓவியர் சந்திப்புக்கான சுவரொட்டியில், ஏஐ படங்களில் வரும் ஆறு விரல் கை ஒன்று தெரிந்தால் எப்படி இருக்கும்? மாற்றுக் கருத்துள்ள நூலகங்களும் உண்டு. போடுவதானால் "ஏஐ உருவாக்கிய படம்" என்று கீழே எழுதிவிடுங்கள்.

ஊழியர்கள் வேலை போய்விடும் என்று பயப்படுகிறார்கள். கொள்கையில் அதைத் தொடலாமா?

தொட வேண்டும், இல்லாவிட்டால் மீதி எல்லாமே அந்தப் பயத்தின் ஊடாகத்தான் படிக்கப்படும். நிர்வாகத்தால் வாக்குக் கொடுக்க முடியுமானால் தெளிவாகக் கொடுக்கட்டும்: ஏஐ மிச்சப்படுத்தும் நேரம் வாசகர் சேவைக்குத் திரும்பும், அதைக் காரணம் காட்டிப் பணியிடம் குறைக்கப்படாது. அப்படி வாக்குக் கொடுக்க முடியாத நிலை என்றால் மழுப்பி எழுதாதீர்கள், அந்தப் பத்தியை விட்டுவிடுங்கள். மழுப்பலை ஊழியர்கள் உடனே கண்டுபிடிப்பார்கள்.

பயிற்சி நேரம் வேலை நேரத்துக்குள் இருக்க வேண்டும் என்பதையும் எழுதுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏஐ சட்டத்தில், ஏஐ-யைப் பயன்படுத்தும் அமைப்புகள் தங்கள் ஊழியர்களுக்குப் போதுமான ஏஐ அறிவு இருப்பதை உறுதிசெய்ய வேண்டும் என்ற பிரிவு 2025 பிப்ரவரி 2 முதல் நடைமுறைக்கு வந்தது. அந்தச் சட்டம் உங்களுக்குப் பொருந்தாவிட்டாலும், பயிற்சிக்கு நிதி கேட்கும்போது நல்ல வாதம்.

சாய்ந்துகொள்ளச் சர்வதேச ஆவணங்கள் ஏதாவது உண்டா?

இஃப்லா எனப்படும் சர்வதேச நூலகச் சங்கங்களின் கூட்டமைப்பு 2020-இல் நூலகங்களும் செயற்கை நுண்ணறிவும் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. யுனெஸ்கோவின் உறுப்பு நாடுகள் 2021 நவம்பரில் ஏஐ அறநெறி குறித்த பரிந்துரையை ஏற்றன. இஃப்லாவும் யுனெஸ்கோவும் சேர்ந்து வெளியிடும் பொது நூலக அறிக்கை 2022-இல் புதுப்பிக்கப்பட்டது. நிர்வாகக் குழுவில் "இதெல்லாம் நமக்கு எதற்கு" என்று கேட்பவருக்கு இவை உதவும். வாசகங்களை அப்படியே எடுத்து ஒட்டாதீர்கள், அவை எல்லா நாடுகளுக்கும் பொதுவாக எழுதப்பட்டவை. உங்கள் நாட்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம்தான் முதலில் பார்க்க வேண்டியது.

யாராவது தவறு செய்துவிட்டால்?

செய்வார்கள். வாசகரின் விவரம் ஏஐ-யில் போய்விட்டது என்றால், அன்றைக்கே பொறுப்பாளரிடம் சொல்ல வேண்டும். அந்த உரையாடலை அழிக்க முடிந்தால் அழிக்க வேண்டும், எது போனது என்று குறித்துக்கொள்ள வேண்டும், வாசகருக்குத் தெரிவிக்க வேண்டும். தானே முன்வந்து சொன்னவருக்கு முதல் முறை தண்டனை இல்லை என்று கொள்கையிலேயே எழுதுங்கள். மறைத்தது பின்னால் தெரிந்தால் வழக்கமான ஒழுங்கு விதிகள். தெரிவிக்கும் படிவம் அரைப் பக்கத்துக்கு மேல் போகக் கூடாது.

எப்போது திருத்துவது?

கருவிகளின் இணைப்பை மூன்று மாதத்துக்கு ஒருமுறை, கொள்கையை ஆண்டுக்கு ஒருமுறை. திருத்த உட்காரும் முன் மறுபடியும் இரண்டு வாரம் அந்த நோட்டுப் புத்தகத்தை மேசையில் வையுங்கள். போன ஆண்டு வரிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தால், எந்தப் பத்தியை யாரும் பின்பற்றவில்லை என்பது அதிலேயே தெரிந்துவிடும்.